அகர வரிசையில் பெரிய மாமா

“…அய்யாத்துரைக்குப் பொறவு ஆறுமுகம், ஆறுமுகத்துக்குப் பொறவு இசக்கி, இப்பிடியே போனா நான் எப்பம்ட்டி வருவேன்?”

கேட்டவர் வேலாயுதம் பெரிய மாமா, என் மாமனாரின் அண்ணன். கேட்ட இடம், கீழப்பாவூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் குலசாமி கோயில். ஆடிக் கொடைத் திருவிழா. மதியப் பூசைக்குச் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே பெரிய மாமா நின்றார். புதுத் துண்டைத் தோளில் போட்டு, தன் பெயர் மேலிருந்து விழுந்தால் தரையில் படாமல் பிடித்துவிடுகிறவர் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டதற்கு எனக்கு விடை தெரியும். சொல்லத்தான் தைரியம் வரவில்லை. (தைரியத்துக்கு என்னிடம் என்றைக்குமே பஞ்சம் கிடையாது. அன்றைக்கு மட்டும் அது லீவு போட்டிருந்தது.)

எதையும் அழகாக அடுக்கத் தெரிந்தவளுக்கு ஒரு கெட்ட குணம் தானாக வந்துவிடும். அடுக்கில் சேராததையெல்லாம் குப்பை என்று நினைப்பாள். எனக்கு அந்தக் குணம் வந்து, முற்றி, ஊரறிய வெடித்த கதை இது.

கம்ப்யூட்டரை நான் யாரிடமும் போய்ப் படித்ததில்லை. தென்காசியில் எங்கள் அப்பா வீட்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. கூட்டம் இல்லாத நேரத்தில் போய் உட்கார்ந்து தட்டித் தட்டிப் பழகியது. தப்பாகத் தட்டினால் கடைக்கார அக்கா, “அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவுது, நீ பழகு” என்பார். அந்த ஒரு வாக்கியம் என்னை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கல்யாணமாகிப் போன வீடும் தென்காசியிலேயே. மாமனார் கணபதி, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தவர். கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, இப்போது முழுநேரமும் பாட்டுக் கேட்கிறார். சினிமாப் பாட்டு, சாமி பாட்டு, பட்டிமன்றம், யாரோ வாசித்துப் பதிவு செய்த நாவல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் கொடையில் வருஷா வருஷம் நடந்த வில்லுப்பாட்டின் பதிவுகள். கேசட்டில் இருந்ததை மெமரி கார்டுக்கு ஏற்றி, கார்டில் இருந்ததைப் பென் டிரைவுக்கு ஏற்றி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் கொட்டி வைத்திருந்தார். கொட்டி என்றால், லாரியிலிருந்து கத்திரிக்காயைக் கொட்டுவது போல. எந்தப் பாட்டுக்கும் பெயர் கிடையாது. ‘டிராக் ஒன்று’ என்ற பெயரில் மட்டும் ஒரு தெருவே குடியிருந்தது.

அத்தை சொல்வார்: “வீட்டுக்கு வாரவியளுக்கு நான் காப்பி போடுவேன், இவிய பாட்டுப் போடுவாவ. பாட்டு வாரதுக்குள்ள காப்பி ஆறி, வந்தவிய எந்திரிச்சுப் போயிருப்பாவ.”

அந்த வீட்டில் தெருவைப் பார்த்து ஒரு முன்னறை சும்மா கிடந்தது. எனக்கு அதன்மேல் ஒரு கண். கதை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிற சின்ன ஸ்டுடியோ வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒருநாள் காப்பியோடு சேர்த்து விஷயத்தையும் மாமா முன்னால் வைத்தேன்.

“வாழைக்கா பழுக்க வைக்கதுக்கு ஒருத்தன் அந்த ரூமக் கேட்டுக்கிட்டிருக்கான்” என்றார் மாமா. “அவன் வாடக தருவான். நீ என்ன தருவ?”

“உங்க பாட்டையெல்லாம் பேர் போட்டு அடுக்கித் தாரேன் மாமா. நீங்க நெனச்ச பாட்டு நெனச்ச ஒடனே வரும்.”

மாமா யோசித்தார். “சரி. இந்த ஆடிக் கொடையில நம்ம வில்லுப்பாட்டு ரெக்காடத்தான் போடுதோம். ஊரே வாயப் பொளந்து கேக்கணும். கேட்டா ரூமு ஒனக்கு. கேக்கலன்னா வாழைக்காய்க்கு.”

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த வருஷம் வில்லுப்பாட்டுக் குழுவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். “எம்மருமவ கம்ப்யூட்டர்ல வில்லையே வளச்சு வச்சிருக்கா” என்று பங்காளிகளிடம் வீடு வீடாகப் போய்ப் பெருமையடித்துவிட்டும் வந்தார்.

வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் பாடியவர் யார், என்ன கதை, எந்த வருஷம் என்று பெயர்ச்சீட்டு ஒட்டுவதுதான் வேலை. அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. பாட்டைக் கேட்டு அதுவே கண்டுபிடித்து, படம் உட்பட ஒட்டிவிடும் என்று போட்டிருந்தார்கள். எங்கள் வில்லுப்பாட்டைக் கேட்டுவிட்டு அது, ஏதோ குளிர்நாட்டுத் தாலாட்டு என்று முடிவுகட்டி, பனிமலையும் ஒரு செம்மறியாடும் உள்ள படத்தை ஒட்டியது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இந்தக் கெடா நம்ம கொடைக்கு வெட்டினது இல்லையே?”

படத்தை எடுத்தேன். அடுத்து, நடைப்பயிற்சியின்போது அவர் காதில் மாட்டிக் கேட்கிற நாவல். இரண்டு நாள் கேட்டுவிட்டு, நடுத்தெருவிலிருந்தே போன் போட்டார்.

“ஏட்டி, இந்தக் கதையில ஒருத்தன் பொறந்தான். பொறந்த ஒடனே செத்தான், பதினாறும் கும்பிட்டாச்சு. இப்பம் பள்ளிக்கூடத்துக்குப் போறான். எழுதுனவனுக்கு ஏதும் சொகமில்லயா?”

கோளாறு எழுதினவரிடம் இல்லை. அத்தியாயங்களுக்கு நான் வெறும் எண் போட்டிருந்தேன். இயந்திரம் ஒன்றுக்கு அடுத்துப் பத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டது. ஒற்றை இலக்க எண்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்ததும் செத்தவன் ஒழுங்காக வளர்ந்து, வயதாகி, மரியாதையாகச் செத்தான். மார்க்கெட்டில் மாமா சொன்னாராம்: “ஒரே ஒரு சைபரு. செத்தவன எழுப்பிட்டா!”

இந்த மாதிரிப் புகழ்ச்சி என் போன்ற ஆளுக்கு ஆகாது. அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை, தரைக்கு மேலே அரை அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தேன். அந்த உயரத்திலிருந்துதான் வில்லுப்பாட்டுப் பதிவுகளைத் திறந்தேன்.

எங்கள் பக்கத்துக் கொடைகளில் ஒரு வழக்கம். வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது சொந்தக்காரர்கள் எழுந்துபோய்ப் பாட்டுக் குழுவின் தலைவரிடம் அன்பளிப்பு கொடுப்பார்கள். அவரை அண்ணாவி என்போம். அண்ணாவி கதையை அப்படியே நிறுத்திவிட்டு, “இன்னார் அவர்கள் அன்பளிப்பு வழங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நன்றி, இப்போது கதைக்கு வருவோம்” என்று மைக்கில் சொல்வார். சாமி கோபத்தில் வாளை உருவுகிற கட்டமாக இருந்தாலும் சரி, உருவின வாள் அந்தரத்தில் நிற்கும். கீழப்பாவூர்க்காரர் ஒருவருக்கு நன்றி சொன்ன பிறகுதான் இறங்கும்.

எனக்கு இது விளம்பரம் மாதிரிப் பட்டது. கதை ஓட்டத்துக்கு எவ்வளவு இடைஞ்சல்! ஒவ்வொரு பதிவிலும் பெயர் வாசிக்கிற துண்டுகளையெல்லாம் தேடித் தேடி வெட்டினேன். வெட்டிய தடம் தெரியாமல், வில்லோடு சேர்த்துத் தட்டுகிற குடத்தின் ஓசையை இழைத்து ஒட்டினேன். (பெருமையாகவே சொல்கிறேன், தையல் போட்ட இடம் யாருக்கும் தெரியாது.) வெட்டிய துண்டுகளை ‘கழிவு’ என்று ஒரு கோப்புறையில் போட்டேன். அங்கேயும் கை சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு துண்டுக்கும் அதில் வருகிற ஆளின் பெயரையே சூட்டினேன். குப்பையையும் பெயர் வைத்து அடுக்குகிற வியாதி. பிறகு, ‘ஒரே கதை ரெண்டு ரெண்டாக எதற்கு’ என்று அசல் பதிவுகளை அழித்துவிட்டேன். அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவுது.

கொடை அன்று காலையில் வேன் வைத்துக் குற்றாலத்துக்குத் தீர்த்தம் எடுக்கப் போனோம். நல்ல சாரல். பெரிய மாமா எண்ணெய் தேய்க்கிறவரிடம் முதுகைக் கொடுத்து, அரைமணி நேரம் அடிவாங்கி, அருவியில் நின்று, சிவந்த முகத்தோடு வேனின் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். தீர்த்தக் குடம் அத்தை மடியில். வண்டியை என் வீட்டுக்காரர் ஓட்டினார். மாமா பின்னால் திரும்பி, “போடுட்டி நம்ம பாட்ட” என்றார்.

போட்டேன். வேனே கோயிலாகிவிட்டது.

“எய்யா, குடம் தட்டுதது எம்மடியிலயே தட்டுத மாதிரில்லா கேக்கு!” என்றார் அத்தை. மாமா மீசையைத் தடவினார். எனக்கு முன்னறையின் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்ற யோசனை ஓடியது.

பெரிய மாமாவும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டுதான் வந்தார். கதையில் சாமி வாளை எடுக்கிற இடம் நெருங்கியதும் தாளத்தை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். சாமி வாளை எடுத்தது, வீசியது, அரக்கன் விழுந்தான். பெரிய மாமா மெதுவாகச் சீட்டில் சரிந்தார். அடுத்த வருஷத்துப் பதிவு ஓடியது. அதே இடம் வந்தது. மறுபடி முகத்தைத் துடைத்தார், நிமிர்ந்தார், சரிந்தார். தென்காசி தாண்டியதும், “வண்டிய ஓரங்கட்டுலே” என்றார்.

“என்ன அண்ணாச்சி, வாந்தி கீந்தி வருதா?” என்றார் மாமா.

“சாமி வாள எடுத்ததும் எம்பேரு வரும். எங்கப்பா காலத்துல அவிய பேரு வரும், அவியளுக்குப் பொறவு எம்பேரு. கொடையில மொதப் பேரு நம்ம வீட்டுப் பேருலே. வாளு வந்துட்டு. நான் வரல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையிலிருந்து இன்னும் அரை அடி உயரத்தில்தான் இருந்தேன்.

“பாட்டுக்கு இடைஞ்சலா இருந்ததெல்லாம் எடுத்துட்டேன் பெரிய மாமா.”

“இடைஞ்சலா” என்றார் அவர். சாரல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வைப்பர் போவதையும் வருவதையும், அதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர் போல ஆர்வமாகப் பார்த்தார்.

“அசலு இருக்குல்லா?” என்று மாமா தணிந்த குரலில் கேட்டார். நான் தலையை ஆட்டிய விதத்திலேயே புரிந்துகொண்டார். “ஏலே, அந்த வாழைக்காக்காரன் நம்பரு ஒங்கிட்ட கிடக்கா?” என்று மகனைக் கேட்டார்.

அப்போதுதான் எனக்குக் ‘கழிவு’ ஞாபகம் வந்தது. அசல் போனால் என்ன, பெயர்கள் பத்திரமாக இருக்கின்றனவே! “பெரிய மாமா, மதியப் பூசைக்கு முந்தி எல்லார் பேரும் வரும். ஒருத்தர் பேரும் விடாது, நான் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்தேன். ஓடுகிற வேனிலேயே மடிக்கணினியைத் திறந்து அத்தனை துண்டுகளையும் பென் டிரைவில் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் மடிக்கணினி சார்ஜ் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டது. சார்ஜர் தென்காசியில். அதனால் என்ன, வேலைதான் முடிந்துவிட்டதே என்று இருந்தேன்.

கோயிலில் மைக்செட்காரரிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு, பெயர் வாசித்து முடியட்டும் என்று காத்திருந்தார். பெரிய மாமா மரத்தடிக்கு வந்து இடம் பிடித்தார். மழைக்குப் பாலிதீன் சுற்றியிருந்த குழாய், ஒருமுறை கரகரத்து, அண்ணாவியின் கணீர்க் குரலில் வாயைத் திறந்தது:

“அன்புத் தம்பி அய்யாத்துரை அவர்கள் அன்பளிப்பு வழங்கியிருக்கிறார்கள்…”

அய்யாத்துரை சின்ன மாமா, பங்காளிகளில் கடைக்குட்டி. பாவூர்சத்திரத்தில் டெம்போ ஓட்டுகிறார். கொடையில் அவருக்கு எப்போதும் வெங்காயம் உரிக்கிற பொறுப்புத்தான். பெயரைக் கேட்டதும் வெங்காயக் கையோடு சமையல் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். முதல் பெயராகத் தன் பெயர் வந்ததை நம்ப முடியாமல் நின்றபோதே இரண்டாவது பெயரும் வந்தது. அதுவும் அய்யாத்துரை. மூன்றாவதும் அய்யாத்துரை.

இயந்திரத்துக்கு மூத்தவர் இளையவர் தெரியாது, எழுத்து வரிசைதான் தெரியும். ‘அ’வில் ஆரம்பிப்பவர் அவர் ஒருவர்தான். மைக்கில் தன் பெயரைக் கேட்பதில் அவருக்கு ரொம்பப் பிரியம். அதனால் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுத்திருக்கிறார். அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சுவிடாமல், வயற்காடு முழுக்க ஒலித்தது. வரப்பில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“ஏடே அய்யாத்துர, எலெக்சன்ல நிக்கியாடே?” என்றார் ஒருவர்.

“நான் இம்புட்டா குடுத்திருக்கேன்?” என்று அவரே மலைத்துப்போனார். “எம்பொண்டாட்டிக்கே தெரியாதே!”

“இப்பம் தெரிஞ்சு போச்சு” என்று பின்னாலிருந்து சின்ன அத்தையின் குரல் வந்தது.

‘அடுத்தது’ என்கிற பொத்தானை அமுக்கித் தாண்டிப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் செய்யப் போனேன். அதற்குள் வரிசை ஆறுமுகம் மாமாவுக்கு வந்திருந்தது. அவர் மைக்செட் பெட்டிக்குப் பக்கத்தில் சாமி கும்பிடுகிறவர் மாதிரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பொத்தானில் விரலை வைத்ததும் ஒரு கண் மட்டும் திறந்தது. அந்தக் கண்ணுக்கு முன்னால் அமுக்குகிற தைரியம் எந்தப் பெண்பிள்ளைக்கும் வராது. அவருக்குப் பிறகு இசக்கி மச்சான், அவருக்கு ஒரு கண். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சொந்தக்காரர் காதை நீட்டிக்கொண்டு நின்றார். நான் யாரைத் தாண்டுவது?

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பந்தி போட்டால், பரிமாறுகிறவர் இலையோடு நின்று, “மூப்பு வரிசையா, மருமவ வரிசையா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். மருமவ வரிசை என்று யாராவது சொல்லிவிட்டால் அய்யாத்துரை சின்ன மாமா சட்டென்று முதல் இலையில் போய் உட்கார்ந்துவிடுவார். அழிந்துபோன அசல் பதிவுகளும் அவரிடமிருந்துதான் கிடைத்தன. தன் பெயர் வருகிறது என்பதற்காக எப்போதோ மாமாவிடம் பிரதி எடுத்து, டெம்போவில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் இந்தச் சிரிப்பெல்லாம் பிறகு வந்தது. அன்றைக்கு வேப்பமரத்தடியில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

“கேக்கேன்ல? எப்பம் வருவேன்?” என்றார் பெரிய மாமா மறுபடியும்.

மறைத்துப் பயனில்லை. “உங்க எழுத்து கடைசிக் கிட்ட வருது பெரிய மாமா. சாயங்காலம் ஆயிரும்” என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். “ஆனா அதுலயும் ஒரு நல்லது இருக்கு. உங்களுக்குப் பொறவு யாரும் வரமாட்டாவ. கடைசியா சாமி காதுல விழுதது உங்க பேருதான்” என்று சேர்த்துக்கொண்டேன். லீவில் போன தைரியம் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பெரிய மாமாவின் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. கோபமா, வேறு ஏதுமா என்று புரிவதற்குள் மாமா ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, சின்னப்புள்ள, தெரியாம செஞ்சுட்டா. இன்னையோட அந்தக் கம்ப்யூட்டர மூட்ட கட்டிப் பரண்ல போட்டுருதேன். முன் ரூமு வாழைக்காக்காரனுக்குத்தான். நாளைக்கே வரச் சொல்லிருதேன்.”

“நீ வாய மூடுலே” என்றார் பெரிய மாமா. “வில்லுக்காரன வரவேண்டாம்னது யாரு, அவளா? வீடு வீடா வந்து பீத்துனது யாரு, அவளா? மொதப் பேரு இல்லாம என்னை மரத்தடியில நிறுத்தினது நீ. பழிய மட்டும் அவ தலையில வைக்கியோ?”

துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மைக்செட்டை நோக்கி நடந்தார். மைக்செட்காரர் யாரும் சொல்லாமலேயே பதிவை நிறுத்தினார். பெரிய மாமா மைக்கை எடுத்து ஒருமுறை ஊதினார். வயலில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. பிறகு அண்ணாவியின் அதே குரலில், அதே இழுவையில் ஆரம்பித்தார்:

“நமது கொடைக்கு முதற்கண், பெரியவர் வேலாயுதம் அண்ணாச்சி அவர்கள் அன்பளிப்பு வழங்கியிருக்கிறார்கள். அண்ணாச்சி அவர்களுக்கும், அண்ணாச்சி அவர்களின் குடும்பத்தாருக்கும் நன்றி, நன்றி, நன்றி!”

தனக்குத் தானே நன்றி சொல்லி, தானே கும்பிட்டு ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு மூப்பு வரிசைப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் அய்யாத்துரை சின்ன மாமா ஒரே ஒரு தடவை வந்தார். பூசாரி கற்பூரத்தைப் பற்றவைக்கக் குனிந்தார். பெரிய மாமா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“கடைசியாக ஒரு முக்கியமான அன்பளிப்பு. தென்காசி கணபதி அவர்கள், தமது வீட்டின் முன்னறையை, பாட்டும் கதையும் பதிவு செய்வதற்காக, தமது மருமகளுக்கு இந்தச் சன்னதியில் வைத்து அன்பளிப்பாக வழங்குகிறார்கள்!”

குலசாமி முன்னால் மைக்கில் சொன்ன அன்பளிப்பைத் திருப்பி வாங்கினவர் எங்கள் வம்சத்தில் கிடையாது. அத்தை குலவை போட்டார். பூசாரி மணியை அடித்தார். வாழைக்காய்க்காரருக்குப் போன் போடுவதற்காகக் கையில் செல்லை வைத்திருந்த மாமா, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். பெரிய மாமா மைக்கைத் துண்டால் பதனமாகத் துடைத்தார்.

“நன்றி சொல்லுலே” என்று அதைத் தம்பியின் கையில் கொடுத்தார்.